கண்டக்டர் படித்த கதைச்சுருக்கம்

என் முதல் தொடர்கதையின் மூன்றாவது வாரத்தில், கதாநாயகனின் அப்பா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டாவது வாரத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்று மருமகளைச் சத்தம்போட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவரைச் சாகடித்தது எனக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நாங்கள் விளாங்குடியில் குடியிருந்தோம். நான் காளவாசலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். என் கணவர் பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து அவர் பாயில் சாய்ந்ததும், நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அந்த வார அத்தியாயத்தை எழுதுவேன். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அதை ஒரு பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். திட்டம் போட்டுக் கதை எழுதுவது கல்யாணச் சமையலுக்குச் சாமான் பட்டியல் போடுவது மாதிரி என்று இன்ஸ்டிடியூட்டில் கூட வேலை பார்த்தவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கதையை வெளியிட்டது மதுரையிலேயே அச்சாகிக்கொண்டிருந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகை. ஆசிரியர் என்னைவிட இரண்டு வயது இளையவன். அவனுடைய மாமா தான் ஆரம்பித்த பத்திரிகையை அவன் தலையில் கட்டிவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். எப்போது பார்த்தாலும் காதில் பென்சிலும் சட்டைக் கையில் மையுமாக இருப்பான். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

"அக்கா, அந்தப் பெரியவரு எப்ப உயிரோட வந்தாரு?" என்று ஒருநாள் கேட்டான்.

"எந்தப் பெரியவர்?"

மேஜைமேல் கிடந்த போஸ்ட் கார்டை எடுத்துக் கொடுத்தான். பசுமலையில் ஒரு கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தது. பதினான்கு பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மறைந்த தந்தையார் எந்த பஸ்ஸில் ஊர் திரும்பினார், அதே பஸ்ஸில் தங்கள் தாத்தாவையும் ஏற்றிவிட முடியுமா என்று பணிவோடு கேட்டிருந்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவனும் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றான், முடியவில்லை. கடைசியில் ஒன்பதாவது வாரத்தில், 'அப்பா ஸ்தானத்தில் இருந்து வளர்த்த சித்தப்பா' என்று ஒரு வரியைச் சேர்த்து ஒருவழியாகச் சமாளித்தோம். பத்தாவது வாரத்தில் எல்லோருக்கும் மூன்றே வரியில் கல்யாணம் செய்துவைத்து முடித்தேன்.

அடுத்த தொடர்கதைக்கு அவன் கூப்பிட்டபோது ஒரு நிபந்தனை வைத்தான்.

"பன்னண்டு வாரம். பன்னண்டுக்கும் அவுட்லைன் முதல்லயே குடுத்துரணும்க்கா. இல்லாட்டி ஆரம்பிக்கவே மாட்டேன்."

இறந்தவர் திரும்பி வந்தது மட்டும் காரணமில்லை. பத்திரிகைக்குப் படம் வரைந்தவர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளி நடக்கும்போது அவருக்கு நேரம் கிடையாது. மே மாத விடுமுறையில் வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு வாரத்துப் படங்களையும் மொத்தமாக வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதை வைத்து அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்து அடுக்கி வைத்துவிடுவார்கள். எழுதாத கதைக்கு அவர் எப்படிப் படம் வரைவார்? சுருக்கம் இருந்தால்தான் முடியும்.

சுருக்கம் எழுதுவதும் எனக்குப் பழக்கமில்லை. முதல் தடவை இன்ஸ்டிடியூட்டின் ஒரே தமிழ் மெஷினில் பதினொரு பக்கம் அடித்துக்கொண்டு போனேன். அவன் புரட்டிப் பார்த்து, "என்னக்கா, இதுல ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருக்காங்க?" என்றான். நிஜம்தான். 'இரண்டாம் அத்தியாயம்: இருவரும் சந்திக்கிறார்கள்' என்று ஆரம்பித்து, சந்தித்து என்ன பேசினார்கள் என்பதையும் எழுதியிருந்தேன். திரும்ப வந்து வெட்டினேன். அத்தியாயத்துக்கு நாலு வரி. மூன்று பக்கத்தில் அடங்கியது. கார்பன் வைத்து அடித்து ஒரு பிரதியை அவனிடம் கொடுத்தேன், மற்றதை வீட்டில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே குத்தி வைத்தேன்.

அந்த மூன்று பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழுக்கதையும் என் கைக்குள் இருந்தது. எனக்குத் தெரியாமல் யாரும் செத்துப்போக முடியாது.

கதை இதுதான். நாகமலைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பெண் படித்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்து மதுரைக்கு வருகிறாள். ஊரில் அவளுடைய மாமன் மகன் வயலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். பத்தாவது அத்தியாயத்தில், 'அவள் மனம் மாறுகிறாள். வேலையை ராஜினாமா செய்கிறாள்.' பன்னிரண்டாவதில், 'இருவரும் பஸ் ஏறி ஊருக்குப் போகிறார்கள். சுபம்.'

தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த நானே ஏன் இப்படி முடித்தேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. அப்போது நான் படித்த தொடர்கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தன. முடிவு என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் நான் எழுதிய எதையும் அதுவரை முழுசாகப் படித்ததில்லை. இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிடுவார். ஆனால் ஆணியில் தொங்கிய சுருக்கத்தை ஒருநாள் தலை சீவிக்கொண்டே நின்றபடி படித்து முடித்தார்.

"இம்புட்டுத்தானா கதை? நல்லாருக்கே!" என்றார். "இதையே அச்சடிச்சிரலாமே. எதுக்குப் பன்னண்டு வாரம் இழுக்குற?"

"அது சும்மா நான் ஞாபகத்துக்கு வச்சிருக்குறது. கதை வேற."

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

ஜூன் மாதம் தொடர்கதை ஆரம்பித்தது. சுருக்கம் இருந்ததால் எழுத்து வேகமாக நடந்தது. நாலு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் விவரமெல்லாம் என்னிடம் டைப் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு பெண் சொன்னது. காதில் மாட்டும் கருவி, எதிரே பலகை நிறைய ஓட்டைகள், செருகிச் செருகி எடுக்கும் கயிறுகள், மூன்று நிமிஷம் ஆனதும் "நேரம் முடிந்தது" என்று குறுக்கே சொல்ல வேண்டிய சங்கடம், எல்லாவற்றையும் அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்.

ஆறாவது அத்தியாயத்துக்குச் சுருக்கத்தில் இருந்தது, 'அவளுக்கு வேலையில் ஒரு சிக்கல்' என்ற வரி. என்ன சிக்கல் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். தூரதேசத்தில் வேலை பார்க்கும் மகனோடு ஒரு அம்மா டிரங்க் காலில் பேசுகிறாள். மூன்று நிமிஷமும் அழுகையிலேயே போய்விடுகிறது. நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய என் கதாநாயகி சொல்லவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் இணைப்பை விட்டு வைக்கிறாள். மேலதிகாரி கண்டுபிடித்து மெமோ கொடுக்கிறார். அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் கயிற்றைச் செருகுகிறாள்.

எழுதி முடித்து எழுந்தபோது எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் கடிதங்களும் நிறைய வந்தன.

ஏழாவது வாரம் வெளிவந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கதை எழுதுற டீச்சர் வீடு இதானா?"

ஆமாம் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். சமயநல்லூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர்தான் முதன்முதலில் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலைக்குச் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கியவர். என் கணவரின் பஸ்ஸில்தான் தினமும் போகிறார். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும், கூட வரும் ஒரு சின்னப் பெண் கதையைச் சத்தமாகப் படிப்பாளாம். மில்லுக்குப் போகும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டே போவார்களாம்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபி போட எழுந்தேன்.

"காபியெல்லாம் வேணாம் டீச்சர். ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்தப் புள்ள வேலைய எதுக்கு விடுது?"

வேலையை விடுவது பத்தாவது அத்தியாயம். இன்னும் எழுதவே இல்லை.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"கண்டக்டர் அண்ணேதான். ஒவ்வொரு வாரமும் அடுத்து இதான் நடக்கும்னு சொல்லுவாரு. சொன்னபடியே வரும். கடைசில ரெண்டு பேரும் பஸ்ஸேறி ஊருக்குப் போயிருவாங்கன்னுட்டாரு. போன வாரம் ஒரு நிமிசம் கூடப் பேச விட்டுச்சே அந்தப் புள்ள, எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் அன்னைக்கி பஸ்ஸுல அழுதுட்டாளுக. அது போயி வேலைய விடுமா?"

"அதெல்லாம் முன்னாடியே எழுதி முடிவு பண்ணிட்டோம்மா. மாத்த முடியாது" என்றேன்.

"எழுதுனத அடிச்சிட்டு எழுதுறதுதான?"

எனக்குக் கோபம் வந்தது. என் கதையின் முடிவை யாரோ வந்து மாற்றச் சொல்கிறார்களே என்ற கோபம். மரியாதையாகத்தான் பேசி அனுப்பினேன், ஆனால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். "சரி, வாரேன் டீச்சர். மனசுல பட்டதச் சொன்னேன்" என்று பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

கணவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஊரெல்லாம் சொல்லிட்டீங்களா? வாரம் வாரம் காத்திருந்து படிக்கத்தான் தொடர்கதை!"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார். "என் பொண்டாட்டி எழுதுறான்னு சொன்னேன். நம்பல. அடுத்த வாரம் என்ன வரும்னு சொன்னேன். அப்படியே வந்துச்சு. அப்பறந்தான் நம்புனாங்க."

அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது? காலண்டர் ஆணியிலிருந்து சுருக்கத்தை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஒன்பதாவது அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். பத்தாவதற்கு உட்கார்ந்தேன். 'அவள் மனம் மாறுகிறாள்.' நான்கு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கத்தில் எழுதும்போது அது வெறும் மூன்று சொல். இப்போது எழுத வேண்டியது அந்த மாற்றத்தை. எதனால் மாறுகிறாள்? மெமோ வாங்கியும் அடுத்த கயிற்றைச் செருகியவள், மாமன் மகன் எழுதிய ஒரு கடிதத்தால் மாறுவாளா? அழ வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கம் போனதும் அவள் வேறு யாரோ மாதிரி பேச ஆரம்பித்தாள். நான்காவது நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாழைப்பழம் கொண்டுவந்த பெண்மணி சொன்னது சரிதான் என்று எனக்குள் ஒத்துக்கொண்டேன். அவள் வேலையை விடமாட்டாள்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் ஆசிரியரிடம் சொன்னேன். அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தான்.

"அக்கா, கடைசி வாரத்துக்குப் படம் போட்டு பிளாக் செஞ்சு வச்சாச்சு. டிராயிங் மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம் தொறந்துருச்சு. இப்பப் போயி எப்படி மாத்துறது?"

பன்னிரண்டாவது பிளாக்கை எடுத்து மை தடவி, ஒரு தாளில் ஒற்றிக் கொடுத்தான். பஸ் ஒன்று நிற்கிறது. படியில் மாமன் மகன். கீழே என் கதாநாயகி, கையில் ஒரு பெட்டி. அவன் படியிலிருந்து அவள் பக்கம் கை நீட்டுகிறான். அவளைக் கைதூக்கி ஏற்றிவிடப் போகிறான். அவள் சிரிக்கிறாள். நன்றாகத்தான் வரைந்திருந்தார் மனுஷர்.

"இந்தப் படம் வரும். அதுக்கு ஏத்தாப்புல என்ன வேணா எழுதுங்க" என்றான்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இல்லாமல் போடச் சொல்லலாமா? இல்லை, இவளை ஊருக்கு லீவில் போவதாக எழுதிவிடலாமா? அந்த நேரம் கணவர் டூட்டி முடிந்து வந்தார். கதை விஷயமாக அவரோடு பேசுவதில்லை என்று பத்து நாளாக வைராக்கியமாக இருந்தேன். அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தார்.

"யாரு இவன்? எங்க எறங்குறான்?"

"எறங்கல. ஏறிட்டான். அவளை ஏத்திவிடப் போறான்."

"யாரு சொன்னா? ஏறுறவன் உள்ள எடம் இருக்கான்னு பாப்பான். இவன் வெளிய பாக்குறான். காலப் பாரு, ஒத்தக் கால் கீழ்ப்படிக்கு வந்துருச்சு. பத்து வருசமா படியில நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இவன் எறங்குறான்."

"அப்ப அவ கையில பெட்டி?"

"அவம் பெட்டிதான். கூட்டத்துல மொதல்ல பெட்டியக் கீழ குடுத்துருவாங்க. அப்பறம் ஆளு எறங்கும். அந்தப் புள்ள வாங்கி வச்சிருக்கு."

நான் படத்தைப் பார்த்தேன். அவர் சொல்லச் சொல்ல, அதே படத்தில் அவன் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை அழைத்துப் போக வந்திருந்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "ஆனா அவன் மதுரைக்கு வந்து என்ன செய்வான்? அவனுக்குத் தெரிஞ்சது விவசாயம் மட்டுந்தான்."

"விளாங்குடியில வயலா இல்ல? நம்ம வீட்டுக்குப் பின்னால பூராம் நெல்லுதான். குத்தகைக்கு எடுத்து ஓட்டட்டும். ஊரு நெலத்த அவன் தம்பி பாத்துக்கட்டும்."

அப்படித்தான் எழுதினேன். பத்தாவது அத்தியாயத்தில் அவள் வேலையை விடமாட்டேன் என்று கடிதம் எழுதுகிறாள். பதினொன்றில் மாமன் மகன் கோபித்துக்கொள்கிறான், தம்பியோடு சண்டை போடுகிறான், பிறகு தனியாக வரப்பில் நடந்து யோசிக்கிறான். மனம் மாறியது அவன்தான். இந்தத் தடவை அந்த மாற்றத்தை ஏழு பக்கத்துக்கு எழுதினேன், ஒரு வரியும் கஷ்டப்படாமல் வந்தது.

கணவருக்கு ஒரே ஒரு கட்டளை. வாயைத் திறக்கக்கூடாது. பத்தாவது வாரம் வந்ததிலிருந்து இரண்டு வாரம் அவரைப் பஸ்ஸில் படுத்தி எடுத்துவிட்டார்களாம். "அண்ணே, நீங்க சொன்னபடி வரலையே, என்ன ஆச்சு?" என்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். டிரைவரும், "மாப்ள, எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். இவர் டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டு, "பேப்பர்ல வரும், படிச்சுக்கங்க" என்று முறுக்காக நின்றிருக்கிறார்.

கடைசி வாரம் வந்த வியாழக்கிழமை இன்ஸ்டிடியூட்டுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். அந்தச் சின்னப் பெண் நின்றுகொண்டே, கம்பியில் ஒரு கையும் பத்திரிகையில் ஒரு கையுமாகப் படித்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் படித்தாள். நான் மெதுவாகச் சொல்வதாக எழுதிய வசனமெல்லாம் ஏலம் போடுவது மாதிரி கேட்டது. அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடம் வந்தபோது யாரோ "அப்படிப் போடு!" என்றார்கள்.

என் வீட்டுக்கு வந்த பெண்மணி பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைக் கண்டுகொண்டார்.

"டீச்சர், எல்லாஞ் சரி. பொட்டி இம்புட்டுச் சின்னதா இருக்கே! குடியிருக்க வாரவனுக்கு இதான் சாமானா?"

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கணவர் முன்படியிலிருந்து, "மத்த சாமான் லாரியில வருது!" என்று சத்தம் கொடுத்தார். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பஸ்ஸில் எப்போதும் சிரித்ததில்லை.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்லமுடியாது. ஆண்பிள்ளை பெண்ணிருக்கும் இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாவது என்று நாலைந்து பேர் கோபமாக எழுதினார்கள். அதில் ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். ஆசிரியர் அதையும் வெளியிட்டான்.

அடுத்த வருஷம் இன்னொரு தொடர்கதை எழுதினேன். அதற்கும் சுருக்கம் கொடுத்தேன். எங்கேயாவது முரண்டு பிடிக்கும் என்று வாராவாரம் எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. பன்னிரண்டு வாரமும் தாளில் இருந்தபடியே போய் முடிந்தது, அதுவும் நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு கதை ஏன் சுருக்கத்தை மீறுகிறது, இன்னொன்று ஏன் அதற்குள்ளேயே அடங்கி நிற்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. யாராவது மனம் மாறுகிறார்கள் என்று சுருக்கத்தில் எழுத நேர்ந்தால் அங்கேயே மெஷினை நிறுத்திவிடுவேன். எப்படி மாறினார்கள் என்று தெரிந்தபிறகுதான் அடுத்த வரி. அதனால் மூன்று பக்கத்தில் அடங்கியது ஐந்தாகி, ஆறானது.

"அக்கா, உங்க சுருக்கம் வர வரப் பெருத்துக்கிட்டே போகுது" என்று ஆசிரியர் சலித்துக்கொள்வான். அப்படிச் சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவான்.